காது தெரியாத போட்டோ

“இடது காது தெரியேல்லை. வேற படம் எடுத்துக்கொண்டு வாரும்.”

அம்பிகைபாகன் ஐயா என் கூட்டாளி ஸ்ரீயோட பாஸ்போர்ட் பாரத்தைத் திருப்பித் தள்ளினாரு. இது மூணாவது தடவை.

மொதல் தடவை, நீல மையில எழுதக்கூடாதுன்னாரு. ரெண்டாவது தடவை, கையெழுத்து கோட்டைத் தொடுதுன்னாரு. இப்ப காது. அடுத்த வாரம் மூக்கு முடியை எண்ணுவாரு போல.

கவர்மெண்ட் ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டான பெரிய கிராணி அவரு. எங்க ஊரு ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கத்துல கோப்பிக்கடை மேசைதான் இன்னும் அவருக்கு ஆபீஸ். பாரத்துல பெரிய மனுஷன் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும்னா, எங்க வட்டாரத்துல இவரை விட்டா ஆள் இல்ல.

“மை நீலமா இருந்தா பிளேன் ஏறாதா ஐயா?”ன்னு கேட்டேன். மனுஷன் பேனா மூடியைத் திருகிக்கிட்டே இருந்தாரு.

நான் பாரம் மூணோட, அதான் ஒன்பதாம் வகுப்போட, பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவன். பாரம்னாலே எனக்கு ஆகாது. ஸ்ரீஸ்கந்தராஜாங்கற இந்த ஸ்ரீக்காகத்தான் இந்த அலைச்சல்.

போன ஜூலையில கொழும்புக் கலவரத்துல ஸ்ரீயோட பெரியப்பா மகனைக் கடையோட வெச்சுக் கொளுத்திட்டாங்க. அன்னையிலேருந்து ஸ்ரீ தூங்கறதில்ல. வேலைக்குப் போறதில்ல. செவுத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பான். அந்த நேரம் பார்த்து எவனோ ஒருத்தன் சிகரெட் பெட்டி அட்டையில ஒரு மெட்ராஸ் அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டான். அங்க போனா துப்பாக்கி பிடிக்கக் கத்துக் குடுப்பாங்களாம். ஒருத்தனுக்குப் பத்துப் பேரையாவது கொல்லாம விடமாட்டேன்னு ஸ்ரீ என்கிட்ட மட்டும் சொன்னான். வேண்டாண்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. கூட்டாளிக்குத் துணையா போனேன். அவ்வளவுதான்.

மொத நாளே கிழவரு கேட்டாரு. “எப்ப திரும்பி வருவீர்?”

ஸ்ரீ தரையைப் பார்த்தான். நான்தான் சமாளிச்சேன். “அங்கேயே பொண்ணு பார்த்து செட்டில் ஆயிடுவான் ஐயா. கல்யாணச் சாப்பாடு நமக்கு இல்ல.”

கிழவரு சிரிக்கல. அப்பதான் மை நீலம்னு ஆரம்பிச்சாரு.

போட்டோவை மாத்தி எடுத்து, ரெண்டு காதையும் யானை மாதிரி காட்டிக்கிட்டு நாலாவது தடவை போனோம். இப்ப புதுசா ஒண்ணு. மெட்ராஸ் போறவங்களுக்கு ஊசி போட்ட சர்டிபிகேட் வேணுமாம். டாக்டர் ஷரீஃபா கையெழுத்துதான் செல்லுமாம். அட்ரஸை அவரே எழுதி நீட்டினாரு.

பஸ் பிடிச்சு டவுனுக்குப் போனோம். ஸ்ரீயை உள்ள கூப்பிட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து ஃபேன் சுத்தறதை எண்ணினேன். ஒரு மணி நேரம்! மாட்டுக்குக்கூட அவ்வளவு நேரம் ஊசி போடமாட்டாங்க.

வெளிய வந்தவன் கையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பஞ்சுகூட இல்ல.

“ஊசியே போடலடா. தூக்கம் வருதான்னு கேட்டாங்க. அப்புறம் அண்ணனைப் பத்திக் கேட்டாங்க.”

“அதுக்கா ஒரு மணி நேரம்?”

“முக்கால்வாசி நேரம் நான்தான் அழுதுக்கிட்டு இருந்தேன்.”

எதுக்கும் ஒரு ஜோக் வெச்சிருப்பேன். அன்னைக்குக் கைக்குட்டையைத்தான் நீட்டினேன்.

அடுத்த செவ்வாயும் வரச் சொன்னாங்களாம். அதுக்கடுத்த செவ்வாயும். மொத்தம் ஆறு தடவை போனாத்தான் சர்டிபிகேட்டாம். பஸ்ல போக வர கிழவரை நான் திட்டின திட்டுல டிரைவரே திரும்பிப் பார்த்தாரு. ஒரு கையெழுத்துக்கு இத்தனை பவுசு. ஆபீஸ்ல நாற்காலி போனதும் கோப்பிக்கடையில ராஜாங்கம்.

ஆறாவது செவ்வாய் திரும்பி வரும்போது ஸ்ரீ என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான். சட்டையெல்லாம் எச்சில். எழுப்ப மனசு வரல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் அதே பஸ்ல திரும்பி வந்தோம்.

இறங்கும்போது, அந்த சிகரெட் அட்டையை டாக்டர்கிட்டயே குடுத்துட்டேன்னான். அப்புறம் பாரத்தைப் பத்தி அவன் பேசவே இல்ல. மறு மாசம் புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சான். செவ்வாய்க்கிழமை மட்டும் ஆஃப் எடுத்துக்கிட்டு டாக்டரைப் போய்ப் பார்க்கறான். எனக்கு அது போதும்.

ஆனா கிழவர் மேல இருந்த கடுப்பு மட்டும் போகல.

போன வாரம் கூட்டாளிங்களோட எல்லை தாண்டி ஹாட்யாய் டவுனுக்குச் சுத்திப் பார்க்கப் போகலாம்னு முடிவாச்சு. எனக்கும் பாஸ்போர்ட் வேணும். இன்னைக்கு ஒரு கை பார்த்துடறதுன்னு வேணும்னே நீல மையில எழுதினேன். கையெழுத்தைக் கோட்டுக்கு மேலயே போட்டேன். போட்டோவுல என் முடி ரெண்டு காதையும் மூடியிருந்துச்சு.

கிழவரு பாரத்தைப் பார்த்தாரு. “எப்ப திரும்பி வருவீர்?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம்.”

பேனாவைத் திறந்தாரு. கையெழுத்துப் போட்டு நீட்டினாரு. ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

“ஐயா, மை நீலம்.”

“ஓம், நீலம்தான்.”

“காது தெரியல.”

“ஓம். தெரியேல்லை.”

“ஊசி சர்டிபிகேட்?”

“எனக்குத் தெரிஞ்சு எந்த ஊருக்கும் அப்பிடி ஒண்டு இல்லை.”

எனக்கு மண்டை சூடாயிடுச்சு. அப்ப எங்களை எதுக்கு ரெண்டு மாசமா நாய் மாதிரி அலைய விட்டீங்கன்னு கேட்டேன்.

கிழவரு மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வேட்டியில துடைச்சாரு.

“ஸ்ரீயின்ர முதல் பாரமே சரியாத்தான் தம்பி இருந்தது. எப்ப திரும்பி வருவீர் எண்டு கேட்டனான். அவர் தரையைப் பார்த்தார். நீர் கல்யாணச் சாப்பாடு எண்டு பகிடி விட்டீர்.”