மருதமரத்து வைரவர்

ஓங்கிய கோடரியை வீரகத்தி மெல்ல இறக்கினான். மருதமரத்தின் அடியில் ஒரு சூலம் நின்றது. அதன் முனைகளில் குங்குமம் இன்னும் மங்கவில்லை.

"நேற்றுக் காலமை இது இஞ்சை இல்லையே, அக்கா."

"இல்லைத்தான், தம்பி," என்றாள் இரஞ்சிதம். "வைரவர் கனவிலை வந்தவர். மரமும் தன்ரையாம், மேலை நிக்கிற அணிலும் தன்ரையாம். ஒருத்தரும் கை வைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

வீரகத்தி தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். காட்டில் கரடியை நேரே கண்டாலும் பின்வாங்காத ஆள், சூலத்தைக் கண்டதும் குழைந்துபோனான். கோடரியோடு வந்த மற்றவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள்.

வைரவர் யாருடைய கனவிலும் வரவில்லை. பரந்தன் கொல்லனிடம் சொல்லி அடிப்பித்த சூலம் அது. முதல்நாள் ஆண்கள் எல்லோரும் வாய்க்கால் வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து இரஞ்சிதமே நட்டுவிட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனம் தர்மபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய காலம் அது. பாலை, வீரை, முதிரை என்று பார்க்காமல் தறித்து எரித்தார்கள். நெல் விளைந்தால்தானே அடுப்பெரியும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் காட்டணிலுக்கு இதையெல்லாம் யார் சொல்லி விளங்கப்படுத்துவது? பூனையளவு உடம்பும் அதைவிட நீண்ட வாலுமாய், மண்ணில் கால் வைக்காமல் மரத்துக்கு மரம் தாவிப் பிழைக்கிற சீவன் அது. தாவ வேறு மரமில்லாமல், ஆற்றங்கரை மருதில் குட்டியோடு தனித்துப்போய்விட்டது.

முதல் மாரியிலேயே இரஞ்சிதம் தன் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தாள். குட்டியைக் கவ்விக்கொண்டு வெயில் காய வரும் அந்தத் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவளுக்குப் பகல் போகும். மரம் சரிந்தால் தாயும் குட்டியும் வீரகத்தியின் சட்டிக்குள் போய்விடும். அணில் இறைச்சியின் ருசியைப் பற்றி அவன் சொல்லாத ஆளில்லை.

சூலத்தின் கதை அவளுடைய புருசன் தில்லைநாதனுக்கு மட்டும் தெரியும்.

"கடவுளோடை விளையாடாதை," என்றான் அவன்.

"ஒரு தாயும் பிள்ளையும் உயிரோடை இருக்கட்டுமெண்டு சொன்ன பொய். வைரவர் பொறுப்பார்."

பொறுத்துக்கொண்டதாகத்தான் தெரிந்தது. வீரகத்தியின் பெண்சாதி விமலேஸ்வரிக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. அவள் சூலத்தடியில் விழுந்து கும்பிட்டாள், காய்ச்சல் விட்டுவிட்டது. பிறகென்ன, குடியேறிய சனம் முழுவதும் மருதமரத்தடியில்தான். தேங்காயும் வாழைப்பழமும் குவிந்தன. வைரவருக்குப் படைத்ததில் ஒரு பங்கு அணிலுக்கும் போனது. கல்லெடுத்த பிள்ளைகளுக்குத் தாய்மாரிடம் நல்ல அடி கிடைத்தது.

இரஞ்சிதம் அணிலைக் கைக்குப் பழக்கினாள். முதலில் தாழ்ந்த கொப்புவரை வந்தது. பிறகு ஒருநாள் மண்ணிலேயே இறங்கி அவள் மடியில் முன்னங்கால்களை வைத்து நின்று பழத்தை வாங்கியது. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள்.

வீரகத்தியும் நாள் தவறாமல் வந்தான். மரத்தடிக்கு வேட்டைத் துவக்கைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டான். ஒருநாள் அணிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவன், "நல்லாய்க் கொழுத்திட்டுது, அக்கா," என்றான்.

"கொழுக்கத்தானே வேணும்," என்று இரஞ்சிதம் சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை வீரகத்தி பொங்கல் வைத்தான். பெண்சாதி பிழைத்ததற்கு அவன் வைத்த நேர்த்தி அது. பறை முழங்கியது. இரஞ்சிதமும் தன் பங்குக்கு ஒரு பானை ஏற்றியிருந்தாள். பொங்கி வழிந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று மனதில் பட்டது.

"கிடாய் ஒண்டும் கொண்டு வரேல்லையோ, தம்பி?"

"எல்லாம் ஆயத்தம், அக்கா."

அவன் வாழைப்பழத்தை உரித்து நீட்டினான். குட்டி மேல் கொப்பிலேயே நின்றுவிட, தாய் அணில் மட்டும் பழகிய பழக்கத்தில் சரசரவென்று இறங்கி வந்தது. வீரகத்தி அதன் முதுகில் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்தான். அந்தச் சாம்பல் உடம்புக்குச் சிவப்பு நல்ல வடிவு என்று இரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைத் தெளித்தான். அணில் உடம்பை ஒருமுறை உதறியது. "அரோகரா" என்று சனம் கை குவித்தது.

அப்போதுதான் வாழையிலையின் கீழ் கிடந்த கத்தியை அவள் கண்டாள். புதிதாய்த் தீட்டியிருந்தது.

"தம்பி, அது வைரவற்றை சீவன். ஒருத்தரும் கை வைக்கக்கூடாதெண்டு சொன்னனானெல்லோ."

"ஓம், இண்டைவரைக்கும் ஒருத்தரும் வைக்கேல்லையே."

வீரகத்தி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கள்ளமில்லை. பக்திதான் இருந்தது.

"நேர்ந்து விட்டது நீங்கள்தானே, அக்கா."