இஃப்ரா திரும்பவில்லை

"இஃப்ரா!"

நர்ஸ் ஜெஸ்மி பின்னால் நின்று கூப்பிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நான்கு வயதுப் பிள்ளை திரும்பவில்லை.

ஜன்னலுக்குக் கீழே, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டது. இஃப்ரா பிஸ்கட்டின் ஓரத்தைக் கடித்தாள்.

ஒன்பது நாளைக்கு முன், மூளைக்காய்ச்சலில் கை கால் வெட்டி இழுக்க, காயல்பட்டினத்திலிருந்து அவளை இந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நேற்றுதான் காய்ச்சல் முழுதாக விட்டது.

தாய் மும்தாஜ் செல்போனை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். துபாயிலிருந்து தகப்பன் அனஸ் கையசைத்தான். பிள்ளையும் சிரித்துக் கையசைத்தது. அவன் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை.

"பெருநாளைக்கு வாப்பா வரலைல்லா, அந்தக் கோவம்" என்றாள் மும்தாஜ். பிறகு ஜெஸ்மியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், அன்னைக்கு நீங்க ஓடியாடி ஊசி போடலைன்னா எனக்கு இந்தப் புள்ள ஏது?"

ஜெஸ்மியால் அங்கே நிற்க முடியவில்லை.

படித்ததெல்லாம் நினைவிருந்தது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். செத்த கிருமி உடைந்து சிதறும். அந்தத் துணுக்குகளைக் கண்டு வெள்ளையணுக்கள் கொதித்தெழும். அடிபட்ட உடம்பின் செல்களும் தங்கள் பங்குக்கு அபாயக் குரல் எழுப்பும். இரண்டும் சேர்ந்துவிட்டால் வீக்கம் அடங்காது. கிருமி ஒழிந்த பிறகும் உட்காதை அழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்குக்கு முன்போ, கூடவோ போட்டாக வேண்டும்.

டாக்டர் சிவப்பிரகாஷ் தன் அறையில் இஃப்ராவுக்கு டிஸ்சார்ஜ் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், இஃப்ராவுக்குக் காது கேக்கல போல. இன்னைக்கே டெஸ்ட் பண்ணிருவமா?"

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"ரெண்டு ஊசியும் பத்து நாப்பதுக்குப் போட்டிருக்கே சிஸ்டர். ஸ்டீராய்டு சேந்து போயிருந்தா காதுக்குப் பயம் கம்மி. புள்ள மிரண்டு போயிருக்கும். அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்."

பத்து நாற்பது. அது ஜெஸ்மியின் எழுத்து.

இஃப்ராவைக் கொண்டுவந்த அன்று காலை வார்டில் அவள் ஒருத்திதான் நர்ஸ். ஆன்டிபயாடிக் கைவசம் இருந்தது. ஸ்டீராய்டு கீழே மருந்தகத்திலிருந்து வர வேண்டும். இஃப்ராவுக்கு வெட்டு நிற்கவில்லை. இருந்ததைப் போட்டாள். அதற்குள் இன்னொரு குழந்தைக்கு மூச்சு முட்டியது. ஓடினாள். ஸ்டீராய்டு நினைவுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

டாக்டர் கையெழுத்துப் போடப் போனார்.

"சார், அந்த டைம் தப்பு. நான்தான் மாத்தி எழுதுனேன்."

பேனா நின்றது.

"ஸ்டீராய்டு எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"ஒண்ணு பத்து."

அவர் கையெழுத்துப் போடாமலே டிஸ்சார்ஜை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து வார்டுக்கு நடந்தார். ஜெஸ்மி பின்னாலேயே போனாள்.

இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் மும்தாஜ் அவசரமாக மகளின் காலில் செருப்பை மாட்டினாள்.

"கிளம்பலாமா சார்?"