நாலாவது தட்டு

அரங்கத்தில் கூட்டம் தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. தும் தும் தும் தும். ஒப்பனை அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடை ஏறும் முன் எப்போதும் வருகிற பயம் இல்லை இது. போட்ட துணியோடு அவள் விட்டு ஓடிய ஊர் இது. அதற்குப் பிறகு இன்றுதான் கால் வைக்கிறாள்.

"அவன் ஊரை விட்டே போயிட்டான்டி, விசாரிச்சுட்டேன்," என்றாள் அக்கா. நிகழ்ச்சி, பயணம், சம்பளத்துக்குச் சண்டை எல்லாம் அக்கா பொறுப்பு. "தாழ்ப்பாள் போட்டுக்கோ. நான் வந்து தட்டினா மட்டும் திற."

அக்கா மேடைப் பக்கம் போனாள். ஒலிக்காரர் கொடுத்த மைக் மடியில் கிடந்தது. பட்டனைத் தள்ளினால் போதும், அரங்கம் முழுக்கக் கேட்கும்.

ராப்புக்கு நடுவே தாலாட்டு, தாலாட்டுக்கு நடுவே சாக்ஸபோன். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று விமர்சகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதே அவளுடைய முதல் பாட்டு பட்டிதொட்டியெங்கும் பரவிவிட்டது. காரணம் அந்தத் தாளம்.

என்ன வாத்தியம் அது என்று எல்லாப் பேட்டியிலும் கேட்பார்கள். "குளியலறைக் கதவு," என்பாள். சிரிப்பார்கள்.

நிஜமாகவே குளியலறைக் கதவுதான். வெளியே கதவைத் தட்டிக்கொண்டு கணவன். உள்ளே அவள், கதவோடு போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு.

போலீசுக்குச் சாட்சி வேண்டுமே என்றுதான் பதிவு செய்தாள். ஸ்டேஷனில் யாரும் அதைக் காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை. குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீணாய்ப் போன சாட்சியைத் தாளமாக்கினாள்.

பதிவில் நாலாவது தட்டு ஒரு மூச்சு தாமதமாக விழும். அதற்கு முன்னால் அவன் கதவில் காது வைத்து, அவள் அழுகிறாளா என்று கேட்பான். அந்த இடைவெளியை அவளால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் தட்டை முன்னே இழுத்து நேராக்கிவிட்டாள்.

உலகத்துக்குத் தெரிந்தது நேரான தாளம்தான். இப்போதெல்லாம் அக்கா முதற்கொண்டு எல்லோரும் அவள் கதவைக் கிண்டலுக்கு அப்படித்தான் தட்டுகிறார்கள். அக்காவுக்கும் அது வெறும் தாளம்தான். அவளும் சிரித்து வைப்பாள்.

கதவில் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

அக்கா வந்துவிட்டாள் என்று மைக்கோடு எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

நாலாவது வரவில்லை.

அவள் அசையவில்லை. மூச்சுகூட விடவில்லை.

பிறகு விழுந்தது.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். மைக்கின் பட்டனைத் தள்ளி, அன்று போனைப் பிடித்த அதே உயரத்தில் கதவோடு சேர்த்து அழுத்தினாள். இந்த முறையாவது எல்லோரும் கேட்கட்டும்.

அவன் மறுபடி ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. இடைவெளி. நாலு. அரங்கத்தின் அத்தனை ஸ்பீக்கரிலும் அது அதிர்ந்தது.

பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.