நாலாவது ஓட்டை

சந்திரசூடேஸ்வரர் மலை இருக்கிற திசையைப் பார்த்துச் சொல்கிறேன்: இதில் ஒரு எழுத்து பொய் என்றால் என் மீசை இப்போதே உதிரட்டும்! சிரிக்காதீர்கள். கண்ணால் பார்த்தவன் நான். ஸ்டோரிலிருந்து அந்த டிரில்லை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி. 2007, மார்ச் மாதம். வயரே இல்லாமல் பேட்டரியில் ஓடும் ஹேமர் டிரில் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று ஒரு பெரிய போர்டு. அதை மாட்டச் சுவரில் நாலு ஓட்டை போட வேண்டும்.

போட வந்தவன் பாகலூர் ஆஞ்சப்பன். கான்ட்ராக்ட் ஆள். 'வேலையில் மந்தம்' என்று ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தான். மூன்றாவது வந்தால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

அவன் வேலை செய்வதைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும்.

முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்தான். துளைக்கிற கம்பியான பிட்டை மாட்டி, இறுக்கி, இழுத்துப் பார்த்தான். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டின் மேல் டேப் சுற்றினான். சுவிட்ச் எங்கே, வயர் எந்தப் பக்கம் போகிறது என்று சுவரைத் தட்டித் தடவிப் பார்த்தான். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றின் தொங்கும் நுனியை நறுக்கி எறிந்தான். கண்ணாடி போட்டான். அப்புறம்தான் பேட்டரியைச் செருகினான்.

சேஃப்டி ஆபீசர் பிரதாப் சாருக்குப் பொறுக்கவில்லை. மதுரைக்காரர்.

"ஏய்யா, ஓட்டை போட வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?"

"அவசரப்பட்டா ஆவாது சார்."

"ஆடிட் மேடம் கார் ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிருச்சாம். டிரைவர் போன் பண்ணிட்டான். வெரசாப் போடு!"

ஆஞ்சப்பன் இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் துளைப்பான். வெளியே இழுத்துத் தூளை உதிர்ப்பான். மறுபடி கொஞ்சம்.

"அழுத்துய்யா!"

"அழுத்தினா பிட்டுதான் சூடாவும் சார். விட்டா அதுவே இடிச்சிக்கினு போவும்."

மூன்று ஓட்டை முடிந்தது. சாரின் பொறுமையும் முடிந்தது.

"நீ நகரு. பத்து வருஷமா இதுக்குக் கிளாஸ் எடுக்கிறவன் நான்." டிரில்லைப் பிடுங்கினார்.

"சார், கண்ணாடி..."

"எனக்கேவா?"

"கழுத்துல டேக்கு தொங்குது சார்..."

"சேஃப்டி ஆபீசர் நீயா, நானா?"

ஒரு கையில் டிரில். மறு கை இடுப்பில். மொத்த உடம்பையும் சாய்த்து அழுத்தினார். சுவர் பாவம், சும்மாதான் இருந்தது. அடையாள அட்டையின் நாடா சும்மா இருக்கவில்லை. சுற்றுகிற பிட்டில் சிக்கி, விர்ரென்று சுருண்டு, சாரின் தாடையை டிரில்லோடு சேர்த்துக் கட்டிவிட்டது. விசையை விட வேண்டியவர் பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தார். மூக்கு சுவரில் அப்பளம். நாக்கு ஒரு முழம் வெளியே வந்தது. சரி, அரை முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஞ்சப்பன் பாய்ந்து ஒரே இழுப்பில் பேட்டரியை உருவினான். டிரில் நின்றது.

பேட்டரி அவன் கைக்கு வரவும், ஆடிட்டுக்கு வந்த பெங்களூர் சுப்ரியா மேடம் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

"ஏனிது?" என்றார் கன்னடத்தில். என்ன இது என்று அர்த்தம்.

சேஃப்டி ஆபீசரே விபத்தில் மாட்டினார் என்று தெரிந்தால் சாரின் வேலை அன்றைக்கே காலி. வாயைத் திறக்கவோ நாடா விடவில்லை. ஆஞ்சப்பன் முந்திக்கொண்டு கன்னடத்தில் விளாசினான். டேக்கைத் தொங்கவிட்டு டிரில் பிடித்தால் என்ன ஆகும் என்று சார் தானே நடித்துக் காட்டுகிறாராம். "டெமோ மேடம், டெமோ!"

மேடம் அசந்துபோனார். "பஹள சென்னாகிதே! இவ்ளோ தத்ரூபமா எந்தக் கம்பெனியிலும் நான் பார்க்கலை!" என்று கைதட்டினார்.

மூக்கைச் சுவரிலிருந்து எடுக்காமலே சார் தலையை ஆட்டினார்.

மேடம் அடுத்த ஷெட்டுக்குப் போனதும் ஆஞ்சப்பன் நாடாவைப் பிரித்துவிட்டான். சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் குலசாமிய்யா நீ!"

அடுத்த வாரம் ஆடிட் ரிப்போர்ட் வந்தது. செயல்விளக்கத்துக்குப் பத்துக்குப் பத்து. கடைசியில் ஒரே ஒரு குறை: 'விளக்கம் நடந்துகொண்டிருக்கும்போது உதவியாளர் அனுமதியின்றிப் பேட்டரியைக் கழற்றினார். என்ன நடவடிக்கை?'

ஆடிட்டில் குறை என்று எழுதிவிட்டால், நடவடிக்கை எடுத்துப் பதில் அனுப்பியே தீர வேண்டும். சார் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஆஞ்சப்பனுக்கு மெமோ கொடுத்தார்.

ஆஞ்சப்பன் நின்று நிதானமாகப் படித்தான். அதிலும் மந்தம்தான்.

"சரிங்க சார். அடுத்த வாட்டி உங்க கழுத்து மாட்டினா, எழுதிக் கேட்டு, சீல் வாங்கிக்கினு, அப்புறமா கழட்டறேன்."

கேட் பாஸை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

மெமோவின் அடியில் 'நேரில் பார்த்தேன், மேற்கண்டது முற்றிலும் உண்மை' என்று ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டியிருந்தது. ஸ்டோர் ஆளைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ரிட்டையர் ஆக எட்டு மாதம்தான் பாக்கி. போட்டேன்.

ஊர் முழுக்க இதைச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்னவன் யார் என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிடுங்கள்.