காற்று வர ஒரு வழி

"கொத்தனாரே, கலவை காயறதுக்குள்ள அந்த வென்டிலேட்டரை அடைச்சிடுங்க," என்றாள் அவள்.

"காத்து வரணுமே..." என்று இழுத்தார் கணவர்.

"மூணு ஜன்னல் இருக்கு. அதுல வராத காத்தா இந்தச் சாண் ஓட்டையில வந்துடப் போகுது?"

ஒரே வீட்டை அண்ணனும் தம்பியும் இரண்டாகப் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பி ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சுவரின் உச்சியில் அந்த ஓட்டையை விடச் சொன்னது அண்ணனான இவர்தான்.

அவளுக்குக் கவலையெல்லாம் இவருடைய இருமல். தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு, இந்தச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு லொக்கு லொக்கென்று இருமுவார். எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தாயிற்று. நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"எல்லாம் உங்க தம்பி வீட்டுத் தாளிப்பு நெடி. இது வழியாத்தான் வருது."

கொத்தனார் ஏணியில் ஏறி ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார்.

"அம்மா, அந்தப் பக்கமும் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி கிடக்கு."

"கிடக்காம? ஒட்டுக் கேக்க வசதியா இருக்க வேணாமா?"

கணவர் ஓட்டையை அண்ணாந்து பார்த்து மூன்று முறை இருமினார்.

"பார்த்தீங்களா, ஆரம்பிச்சாச்சு," என்றாள்.

அவர் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் முகம் சுண்டிப் போனது.

"சரி, அடைச்சிடுங்க," என்றார்.

கொத்தனார் செங்கல்லை எடுத்து வைக்கப் போனார்.

அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு காலடிச் சத்தம் வேகவேகமாக வந்து சுவரோரம் நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு இருமல். ஒன்று, இரண்டு, மூன்று.

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

தினமும் இந்த நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற அவள், இன்றைக்குத்தான் அந்த மூன்று இருமலையும் கேட்டாள்.

பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்து இறங்குங்க கொத்தனாரே. நெடி வந்தா வந்துட்டுப் போகுது, இவருக்குக் காத்து வேணுமாம்."