புது வாலட்

"அங்கிள், கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பத்து காயின் அனுப்பினாதான் உங்க புது வாலட் ஆக்டிவேட் ஆகும். அப்புறம் ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க அதுக்கு மாத்திடலாம். வாலட் அட்ரஸை டைப் பண்ணுங்க."

ஸ்பீக்கரில் வந்த குரல் சொன்னபடி சிவராமகிருஷ்ணன் ஒற்றை விரலால் தட்டினார்.

"மறுபடியும் தப்புன்னு வருதேப்பா."

"பரவால்ல அங்கிள், நாளைக்குப் பார்க்கலாம். சாப்பிட்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

ஆபீஸிலிருந்து அன்று மதியமே வீட்டுக்குத் திரும்பிவிட்ட மகன் அனிருத், கதவருகில் நின்று கேட்டுப் பதறிப்போனான். அழைப்பு முடிந்ததும் உள்ளே ஓடிவந்தான்.

"அப்பா, அவன் ஃபிராடு! அந்த வாலட் அவனோடது. போன காசு திரும்பி வராது. எவ்வளவு அனுப்பினீங்க?"

"ஒண்ணும் அனுப்பலை. பத்து நாளா வேணும்னேதான் ஒரு எழுத்தைத் தப்பாப் போடறேன்."

"அப்போ ஃபிராடுன்னு தெரியுமா?"

"முப்பது வருஷம் பேங்க்ல இருந்தவன்டா. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்குப்பா தினம் ஒரு மணி நேரம் பேசறீங்க? பிளாக் பண்ண வேண்டியதுதானே?"

சிவராமகிருஷ்ணன் போனைச் சார்ஜரில் செருகினார்.

"நீயும் மருமகளும் ஆபீஸ்ல இருந்து வர ஏழு மணி ஆகறது. காயின் போய்ச் சேர்ந்துட்டா, அவன் அப்புறம் கூப்பிட மாட்டானேடா!"