டெல்ஃபினா வீட்டு மிளகாய்

"பார்க்காதீங்க, திரும்பிக்கங்க" என்றார் அன்செல்மோ. கஸில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் மிளகாயில் கத்தியை இறக்கினார்.

பிளந்தால், காய்க்குள் இன்னொரு காய். சுண்டுவிரல் நகமளவுக்கு வெளிறிப்போய்ச் சுருண்டு கிடந்தது. வெளியே இருந்ததோ பாதி பச்சை, பாதி மஞ்சள் வரி. நுனியில் மூன்று கொம்புகள்.

"முதல்ல இப்படி ஒண்ணு காய்ச்சப்போ என் பேத்தி போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினா. என்ன சிரிப்பு சிரிச்சோம்!" என்றாள் கஸில்டா. "இப்ப ஒரு காய்கூட ஒழுங்கா இல்ல, அன்செல்மோ ஐயா."

"பயப்படாதீங்க. கெட்டதை மட்டும் எடுத்துட்டா மிச்சம் பிழைச்சுக்கும்."

ஒவ்வொரு செடியாகக் குனிந்தார். சுருண்ட இலையைக் கிள்ளினார், கோணல் காயை அறுத்தார், கத்தியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊரில் யார் வீட்டு மிளகாய்ச் செடி வாடினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு காபி கொடுத்தால் போதும், அந்தி சாயும்வரை குனிந்த முதுகு நிமிராது.

நியூ மெக்சிகோ மலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில் வீட்டுக்கு வீடு விதை வேறு. எந்தக் கடையிலும் கிடைக்காது. போன வருஷ விதையை எல்லோரும் மொத்தமாக விதைத்தாயிற்று. இந்த வருஷம் நல்ல காய் பழுக்காவிட்டால் கஸில்டா வீட்டு மிளகாய் அதோடு முடிந்தது.

அன்செல்மோவின் செடிகள் ஜூலையிலேயே முடிந்துவிட்டன. பிடுங்கி எரித்தபோது கண்ணில் நீர் வந்ததற்குப் புகையைக் காரணம் சொன்னார். இனி யாருக்கும் இப்படி ஆகக் கூடாது என்று ஆகஸ்ட் முழுக்க வீடு வீடாக நடந்தார். ருபெர்த்தோ வீட்டில் இருபது செடி, தபால்காரர் வீட்டில் பதினைந்து, தேவாலயத்துப் பின்புறம் எட்டு. ஒன்றும் தேறவில்லை.

செப்டம்பர் வந்தது. மிளகாய் சுடும் உருளை அடுப்பை எவரும் வெளியே எடுக்கவில்லை. திருவிழா விருந்தில் டப்பாவில் அடைத்த மிளகாயைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். இரண்டாவது கரண்டி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ருபெர்த்தோ ஒரு கடிதத்தோடு வந்தான். இலைகளை அவன்தான் ஆய்வுக்கு அனுப்பியிருந்தான்.

"மண்ணுல குத்தம் இல்லையாம், தண்ணியிலயும் இல்லையாம். இது தொத்து நோயாம், தொட்டா ஒட்டிக்குமாம். மருந்தே கிடையாதாம்!" கடிதத்தைக் கசக்கினான். "ஊரே போச்சு, அந்த டெல்ஃபினா செடி மட்டும் எப்படி நிக்குது? அவதான் என்னமோ பண்ணியிருக்கா. வாங்க, போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்."

"நீ வேணாம். நான் போறேன்" என்றார் அன்செல்மோ.

அவருக்கும் டெல்ஃபினாவுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். வாய்க்கால் தண்ணீரில் அவள் முறை வந்த அன்று அவர் தன் பக்கம் மடையைத் திறந்துவிட்டார். அன்றைக்கு அவள் பூட்டிய வேலிக்கதவு இன்னும் பூட்டியே இருந்தது.

வேலிக்கு அப்பால் செடிகள் இடுப்புயரம் நின்றன. காய் ஒவ்வொன்றும் நேராக, பளபளவென்று, ரத்தச் சிவப்பில் தொங்கியது. டெல்ஃபினா முக்காலியில் உட்கார்ந்து மிளகாய்ச் சரம் கோத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

அன்செல்மோ தொப்பியைக் கழற்றினார். "டெல்ஃபினா, அன்னிக்குத் தண்ணி விஷயத்துல தப்பு என்னுதுதான்."

"இதைச் சொல்ல ரெண்டு வருஷமா?"

"திட்டு, வாங்கிக்கறேன். ஆனா என்ன மருந்து போட்டேன்னு மட்டும் சொல்லிடு."

"மருந்து எதுவும் போடல."

"சாம்பலா? பூண்டுச் சாறா? ஏதாவது செய்யாம எப்படி இப்படி நிக்கும்?" அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார். "கஸில்டா சாப்பிடவே மாட்டேங்கறாங்க. எனக்காக வேணாம், அவங்களுக்காகச் சொல்லு. ஒரு வீடு விடல, டெல்ஃபினா. ஒவ்வொரு செடியையும் இந்தக் கையால தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூடப் பிழைக்கல."

அவள் ஊசி நின்றது.

"ருபெர்த்தோவுக்கு வந்த கடுதாசியை நீங்களும் படிச்சீங்களா?"

"படிச்சேன். அதுக்கென்ன?"

டெல்ஃபினா சரத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, எழுந்து வேலியருகே வந்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நான் ஒண்ணுமே செய்யல, அன்செல்மோ. உங்களை உள்ள விடல, அவ்வளவுதான்."